பத்துமலை இருட்டுக் குகையின் கதவுச் சிலந்தி: கடிக்குமா?

கேள்வி, 9 ஜனவரி 2025 (ஈப்போவிலிருந்து ஓர் அக்கா)

"தைப்பூசத்துக்கு என் மகன் பால்குடம் எடுக்கிறான். ஒன்பது வயசு. பத்துமலையில 40 கோடி வருஷமா இருக்கிற நஞ்சுள்ள சிலந்தி ஒன்னு இருக்கு, கூட்டம் ஏறும்போது படிக்கட்டு ஓரமா வெளிய ஓடிவரும்னு வாட்சாப்ல வந்துச்சு. வெறுங்காலோட ஏறுற பிள்ளை. இது உண்மையா? கடிச்சா என்ன செய்யணும்?"

10 ஜனவரி 2025

ஓடி வராது. பிள்ளையைத் தைரியமாகக் கூட்டி வாருங்கள்.

சிலந்தி இருப்பது உண்மை. ஆனால் படிக்கட்டில் இல்லை, கோயில் குகையிலும் இல்லை. 200 படி தாண்டினால் இடப்பக்கம் ஒரு கம்பிக் கதவு வரும். அதற்குப் பின்னால் இருப்பது இருட்டுக் குகை, மலாயில் குவா கெலாப். சிலந்தியின் வீடு அங்கே, சுவரோடு சுவராக. லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். 1923-ல் ஏப்ரகாம் என்பவர் விவரித்துப் பெயர் வைத்தார். வளர்ந்த பெண் சிலந்தி கூட்டை விட்டு வெளியே தலை நீட்டுவதே இரை வந்து தட்டினால்தான். கடிக்கிறதுக்கு அதற்கு நஞ்சுச் சுரப்பியே கிடையாது.

பிள்ளைக்கு நீங்கள் பார்க்க வேண்டியது குரங்கு. கையில் வாழைப்பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் பிடுங்கிக்கொண்டு போகும். இன்னொன்று வெயில். பத்து மணிக்கு மேல் படி கொதிக்கும். விடியும் முன்னே ஏற்றிவிடுங்கள்.

10 ஜனவரி 2025, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இந்தச் சிலந்தியை அப்படி இரண்டு வரியில் விட மனசில்லை.

நான் பத்துமலைக்குப் பக்கத்தில், செலாயாங்கில் இருக்கிறேன். தொழில் வயரிங். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்களுக்கு லைட் போட்டுக் கொடுப்பது பதினெட்டு வருஷமாக நடக்கிறது. மலையடிவாரத்தில் வெளிச்சம் போடுகிற ஆள் என்பதால்தான் எனக்கு அந்த இருட்டின் மேல் இத்தனை ஆசையோ என்னவோ. குகை திறந்திருந்த காலத்தில் மூன்று முறை உள்ளே போயிருக்கிறேன். தலையில் ஹெல்மெட், கையில் டார்ச், முன்னால் வழிகாட்டி, முக்கால் மணி நேர நடை. முதல் முறை சிலந்தியைப் பார்க்கவில்லை. அதாவது, பார்த்திருப்பேன், அது சிலந்தி வீடு என்று தெரியவில்லை.

இரண்டாவது முறை, 2015-ல், வழிகாட்டிப் பெண் எல்லோரையும் நிறுத்தி டார்ச்சைத் தாழ்த்தச் சொன்னார். சுவரில் சேறு அப்பிய மாதிரி ஒரு மேடு. விரல் நீளம் இருக்கும். அதன் இரண்டு முனையிலும் நாணயம் அளவுக்கு ஒரு வட்ட மூடி. மூடியின் கீழ் உதட்டிலிருந்து நூல்கள் விசிறி மாதிரி சுவரில் பரவியிருந்தன. ஏழா எட்டா என்று எண்ணிப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டுதான் எண்ணினேன்.

அந்த மேடு முழுக்கப் பட்டு நூலால் ஆன குழாய். வெளிப்புறத்தில் மண்ணும் வௌவால் எச்சமும் ஒட்டிச் சுவரின் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. மூடியும் அதே பட்டு, அதே மண். மேல் ஓரம் கீல் மாதிரி ஒட்டியிருக்கும், கீழ் ஓரம் தூக்கினால் திறக்கும். சிலந்தி மூடிக்குப் பின்னால் முன்கால்களை அந்த நூல்களின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாச்சையோ குகைச் சிள்வண்டோ நடந்து வந்து ஒரு நூலில் இடறினால் போதும். எந்த நூல் அசைந்தது என்பதிலிருந்தே இரை எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. மூடி தூக்கும், பாயும், இழுக்கும், மூடி விழும்.

நான் கடைகளுக்கு அலாரம் வயர் இழுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு கதவுக்கும் தனி ஸோன், எந்த ஸோன் அடித்தது என்று பெட்டியில் விளக்கு எரியும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இது புதுத் தொழில்நுட்பம் என்றார்கள்.

12 ஜனவரி 2025

திருத்தம். "நஞ்சுச் சுரப்பியே கிடையாது" என்று எழுதினேன். குகையில் அப்படித்தான் கேட்டேன், பழைய புத்தகங்களிலும் அப்படித்தான் இருந்தது. கிள்ளான் தம்பி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டபிறகு தேடினேன். 2010-ல் ஃபோலிக்ஸ், எர்ப் என்ற இருவர் இந்தச் சிலந்திக் கூட்டத்தை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, லிஃபிஸ்டியஸ் இனத்துக்கும் நஞ்சுச் சுரப்பி உண்டு என்று வெளியிட்டிருக்கிறார்கள். சிறியது, ஆனால் உண்டு. இத்தனை காலம் இல்லை என்று சொல்லிவந்தது தவறு.

அக்கா, உங்களுக்கான பதில் மாறவில்லை. பூட்டிய குகைக்குள், தன் குழாய்க்குள் இருக்கிற சிலந்தி அது. பிள்ளையின் கால் அங்கே படப்போவதில்லை.

13 ஜனவரி 2025

40 கோடி வருஷக் கதைக்கு வருகிறேன். வாட்சாப் செய்தி மூன்று வயதை ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிட்டது.

40 கோடி என்பது கல்லின் வயது. பத்துமலையின் சுண்ணாம்புக்கல் பழைய கடலடியில் படிந்தது, அதற்குத்தான் அந்தக் கணக்கு. குகை அதற்கு வெகு காலம் பின்னால், மழைநீர் கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டானது. சிலந்தி இனமோ இன்னொரு கணக்கு.

லிஃபிஸ்டியஸைச் சேர்ந்த கூட்டத்தை உயிருள்ள புதைபடிவம் என்கிறார்கள். காரணம் உடம்பில் இருக்கிறது. நம் வீட்டு மூலையில் இருக்கிற எட்டுக்கால் பூச்சியின் வயிறு வழவழவென்று ஒரே பை. இதன் வயிற்றின் மேல் வரிசையாகத் தகடுகள், தேளின் முதுகு மாதிரி. நூல் நூற்கும் உறுப்புகளும் மற்றச் சிலந்திகளுக்கு வால் முனையில் இருக்கும், இதற்கு வயிற்றின் நடுவில். இதே அமைப்புள்ள ஒரு கல்லச்சு பிரான்ஸில் மோன்சோ-லே-மீன் நிலக்கரிப் பகுதியில் கிடைத்திருக்கிறது, வயது ஏறக்குறைய 30 கோடி ஆண்டு. அந்த உடல் அமைப்பு அத்தனை பழையது. அதற்காகப் பத்துமலைச் சிலந்தி அப்படியே 30 கோடி ஆண்டாக இதே சுவரில் உட்கார்ந்திருந்தது என்று ஆகாது. என் பாட்டி முகச்சாயல் எனக்கு இருக்கிறது, அதற்காக நான் பாட்டி ஆகமாட்டேன்.

இன்று இந்தக் கூட்டம் உயிரோடு இருப்பது கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும்தான். சீனா, ஜப்பான், வியட்நாம், பர்மா, தாய்லாந்து, மலேசியா, சுமத்ரா. வேறு கண்டம் எதிலும் இல்லை.

15 ஜனவரி 2025

பொங்கல் வேலையில் நேரமில்லை. ஒன்று மட்டும். பெயரில் இருக்கிற "பத்து" எண் இல்லை. மலாயில் பத்து என்றால் கல். சுங்கை பத்து என்ற ஆறு ஓடுவதால் இடத்துக்குப் பெயர் வந்தது. நாம் மலையைச் சேர்த்துப் பத்துமலை ஆக்கினோம். அந்தப் பெயர் லத்தீனுக்குப் போய்ச் சிலந்திக்கும் ஒட்டிக்கொண்டது. முருகனும் சிலந்தியும் ஒரே முகவரி.

19 ஜனவரி 2025

திருநெல்வேலி நண்பர் எழுதியிருக்கிறார்: தாமிரபரணிக் கரை மேட்டில் சின்ன வயதில் மண்மூடி போட்ட சிலந்தி வளையைக் குச்சியால் திறந்து விளையாடியிருக்கிறாராம், இதுவும் அதுவும் ஒன்றா என்கிறார்.

ஒன்றில்லை. கதவு வைப்பது ஒரு பிழைப்பு வழி, குலம் கிடையாது. உங்கள் ஊர்ப் பக்கம் மண்ணில் வளை தோண்டி மூடி போடுகிறவை டரான்டுலா என்கிற பெருஞ்சிலந்திகளின் உறவு. வயிற்றில் தகடு இருக்காது. லிஃபிஸ்டியஸ் தென்னிந்தியாவில் இல்லை. வெவ்வேறு கூட்டங்கள் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்திருக்கின்றன.

லிஃபிஸ்டியஸ் என்ற பேரினம் முதன்முதல் அறிவியலுக்கு வந்ததும் நம் மலேசியாவிலிருந்துதான். 1849-ல் பினாங்கில் கிடைத்த ஒன்றை வைத்து ஷியோட்டே என்ற டேனிஷ்காரர் பெயரிட்டார். காட்டில் இருக்கிற அதன் சொந்தங்கள் பாதையோர மண்மேட்டில் வளை தோண்டும். பத்துமலையில் கல்லைத் தோண்ட முடியாது. ஆகவே சுவரின் மேலேயே குழாய் கட்டி இரண்டு பக்கமும் வாசல் வைத்துக்கொண்டது. ஒரு வாசலில் ஆபத்து வந்தால் மறுவாசல். இடத்துக்குத் தகுந்த வீடு.

தமிழில் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தார். பொறிக்கதவுச் சிலந்தி என்று சிலர் எழுதுகிறார்கள். கதவு பொறி இல்லை, பொறி அந்த நூல்கள். எனக்குக் கதவுச் சிலந்தி போதும்.

2 பிப்ரவரி 2025

பந்தல் வேலை ஆரம்பித்துவிட்டது. இரவு ஒரு மணிக்கு வந்து எழுதுகிறேன்.

சிலந்தி என்ன சாப்பிடுகிறது என்று பலர் கேட்டீர்கள். அதைவிட நல்ல கேள்வி, அதன் சாப்பாடு என்ன சாப்பிடுகிறது? வெயில் புகாத இடத்தில் புல் பூண்டு முளைக்காது. அங்கே எல்லாம் தொடங்குவது வௌவாலின் பின்புறத்தில். வௌவால்கள் வெளியே போய்த் தின்றுவிட்டு வந்து தொங்கிக்கொண்டு எச்சமிடுகின்றன. தரையில் அது மெத்தை மாதிரி கிடக்கும். நடக்கும்போது நெடி மூக்கைத் துளைக்கும், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அந்த மெத்தையில் பாச்சை, பூச்சிப் புழு, சின்னச் சின்னப் பூச்சிகள். அவற்றைப் பிடிக்கச் சிலந்தியும் நீண்ட கால் பூரானும். வௌவாலைப் பிடிக்கக் குகைப் பாம்பு, வெளிறின உடம்போடு சுவர் விளிம்பில் படுத்திருக்கும். மூன்றாவது முறை போனபோது அதைப் பார்த்தேன். என்னோடு வந்த மாப்பிள்ளை அதற்குப்பிறகு சுவர்ப்பக்கம் நடக்கவில்லை.

1967-ல் மெக்லூர், லிம் பூ லியாட், வின் என்ற மூவர் இருட்டுக் குகையின் உயிர்களைப் பற்றி ஒரு முழு ஆய்வு வெளியிட்டார்கள். அதற்கும் முன்னே 1920-களிலேயே பட்டியல் போடத் தொடங்கிவிட்டார்கள். உலகில் அதிகமாக ஆராயப்பட்ட வெப்பமண்டலக் குகைகளில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. கோயிலுக்கு அம்பது வருஷமாக வருகிற என் அம்மாவுக்கு அது தெரியாது. போன வாரம் சொன்னேன். "எட்டுக்கால் பூச்சிக்கா வெள்ளைக்காரன் அவ்வளவு தூரம் வந்தான்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் சாமிதான் படி அளக்குது" என்றார்.

12 பிப்ரவரி 2025

தைப்பூசம் முடிந்தது. ஈப்போ அக்காவின் மகன் நேற்று விடியற்காலை நாலரைக்குப் பால்குடம் ஏற்றி இறங்கினான். பந்தலில் வந்து மோர் குடித்தார்கள். நான் பார்த்துப் பேசினேன். காலில் எதுவும் கடிக்கவில்லை. பையன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "கதவு பூட்டியிருக்கே, நான் எப்ப பார்க்கிறது?"

இருட்டுக் குகை 2019-லிருந்து பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. பத்து லட்சம் பேருக்கு மேல் அந்தக் கம்பிக் கதவைத் தாண்டிப் போகிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பலகையாவது பெரிதாக, தமிழில், இருக்கக்கூடாதா? தம்புசாமிப் பிள்ளை 1891-ல் மேலே முருகனுக்கு வேல் நிறுவினார் என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அதே மலையில் இப்படியொரு உயிர் இருப்பது வாட்சாப் புரளியாகத்தான் அவர்களுக்கு வந்து சேர்கிறது. திறக்க வேண்டும்.

13 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஆமாம் என்றிருக்கிறீர்கள். எனக்கே இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

20 பிப்ரவரி 2025

2018-ல் மூன்றாம் முறை போனபோது நடந்ததை முன்பு எழுதவில்லை. எங்கள் குழுவில் ஒருவர். வழிகாட்டி முன்னால் நடந்து திரும்பிய நேரத்தில், பின்னால் நின்று பேனா முனையால் ஒரு மூடியைத் தூக்கினார், படம் எடுக்க. ஃபிளாஷ் மூன்று முறை அடித்தது. மூடி கிழியவில்லை, ஆனால் நூல்கள் இரண்டு அறுந்து பேனாவோடு வந்தன. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்தபிறகு மனைவியிடம் சொல்லிப் புலம்பினேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அறுந்த நூலைச் சிலந்தி மறுபடி போடும், அது அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் சுவரில் இருக்கிற எண்ணிக்கை குறைவு, வீட்டில் சிலந்தி வளர்க்கிறவர்களுக்கு விற்கப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு, மூடியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கண் ஒன்று போதும். இந்த வகைச் சிலந்திக்கு ஓடி ஒளிகிற பழக்கம் இல்லை. வீட்டில் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு, வீடு தெரிந்துவிட்டால் பாதுகாப்பு போச்சு. ஈரம் இன்னொன்று. உள்ளே காற்று எப்போதும் நனைந்த துணி மாதிரி இருக்கும். இதன் உடம்பு சீக்கிரம் காய்ந்துபோகிற உடம்பு, அந்த ஈரத்தை நம்பி இருக்கிறது.

ஆகவே 12-ந் தேதி எழுதிய "திறக்க வேண்டும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். பழைய மாதிரி திறப்பதற்கு நான் இல்லை. சின்னக் குழு, கண்டிப்பான ஆள், பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்றால் மட்டும் சரி என்பேன். பலகை வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

23 பிப்ரவரி 2025

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள் (முகநூலில் பார்த்த ஒருவர்). ஆம், அவர் 70-களில் பத்துமலைப் பக்கக் கல்லுடைப்பு ஒன்றுக்கு லோரி ஓட்டினார். மலையின் ஒரு பக்கத்தைச் சுண்ணாம்புக்காக வெடிவைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியம் வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் தகரக் கூரை அதிரும், அம்மா தொட்டிலைப் பிடித்துக்கொள்வார். 80-களின் தொடக்கத்தில் அது நின்றது. அப்பாவுக்கு வேலை போனது. வீட்டில் மூன்று மாதம் கஷ்டம். இறப்பதற்கு முன்னால் ஒரு தைப்பூசத்தில் படியில் உட்கார்ந்து, "நின்னது நல்லதுதான்டா. இன்னும் பத்து வருஷம் அடிச்சிருந்தா ஏறுறதுக்கு மலை இருந்திருக்காது" என்றார். அந்த வாயிலிருந்து வந்ததால் நான் அதை மறக்கவில்லை.

6 ஜூலை 2025

டுரியான் சீசன். ரவாங் சாலை ஓரமெல்லாம் கடை. இது சிலந்தியைப் பற்றி எழுதுகிற இடம்தானே, டுரியான் எதற்கு என்று கேட்கவேண்டாம், சொல்கிறேன்.

இருட்டுக் குகையில் தொங்குகிற வௌவால்களில் ஒன்று தேன் குடிக்கிற குகை வௌவால். டுரியான் பூ பின்மாலையில் விரிந்து இரவில் தேன் சுரக்கும், விடிவதற்குள் இதழ் உதிரும். தேனீக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை. மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோவதில் பெரும்பங்கு இந்த வௌவாலுக்கு. பெத்தாய் மரத்துக்கும் அப்படியே. டுரியான் பூக்காத மாதங்களில் அது கடற்கரைச் சதுப்புக்காட்டுக்குப் பறந்துபோய் பெரெம்பாங் மரப்பூவில் குடிக்கிறது. 1970-களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இருவர் இதைப் பத்துமலையிலேயே ஆராய்ந்தார்கள். ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்புகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். கிள்ளான் பக்கச் சதுப்புக்காட்டில் குடித்த தேன் எச்சமாகிக் குகைத் தரையில் விழுகிறது. அதைத் தின்ற பாச்சை சிலந்தியின் நூலில் இடறுகிறது. நான் இத்தனை நாள் இதன் இருப்பிடம் அந்தச் சுவர் என்று எழுதிவந்தேன். பூட்டுப் போட்டால் பாதுகாத்தாயிற்று என்று பிப்ரவரியில் நினைத்தேன். அது போதாது. கடலோரத்து மரத்தை வெட்டினால் பூட்டின குகைக்குள் இருக்கிற சிலந்திக்குப் பசி.

கிள்ளான் தம்பி, உங்கள் ஊரையும் இதில் சேர்த்துவிட்டேன்.

7 ஜூலை 2025

தம்பி கேட்டது சரி: குகையில் பூச்சி தின்னும் வௌவால்களும் உண்டு, எச்சம் எல்லாம் தேனிலிருந்து மட்டும் வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். நேற்றைய குறிப்பில் ஒரு வழியை மட்டும் சொன்னேன்.

18 நவம்பர் 2025

எத்தனை வருஷம் உயிர் வாழும் என்று மறுபடி கேள்வி. ஆண் சிலந்தி வளர்ந்ததும் வீட்டை விட்டுத் துணை தேடிக் கிளம்பும், அதோடு அதன் ஆயுள் முடிவுக்கு வரும். பெண் வீட்டிலேயே பல ஆண்டு இருக்கும்.

கதவுச் சிலந்திகளில் நன்றாகத் தெரிந்த கணக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. வேறு கூட்டம், வேறு நிலம், வறண்ட புதர்க்காடு. பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார் 1974-ல் ஒரு சின்னக் காட்டுத்துண்டில் வளைகளுக்கு எண் எழுதிய குச்சிகளை நட்டு, வருஷா வருஷம் போய்ப் பார்த்துவந்தார். அதில் 16-ம் எண் 2016-ல் ஒரு குளவியால் இறந்தபோது அதற்கு 43 வயது. அந்த மரணத்தை 2018-ல் வெளியிட்டார்கள். அவருக்கு வயதானபிறகு மாணவி ஒருவர் போய்ப் பார்த்தார். ஒரே வளை, ஒரே மூடி, 43 வருஷம்.

படித்துவிட்டு 2015-ல் நான் நூல் எண்ணிய அந்த மூடியை நினைத்தேன். இப்போதும் அதே சிலந்தி அதன் பின்னால் இருக்கலாம்.

3 பிப்ரவரி 2026

இந்த வருஷத் தைப்பூசம் பிப்ரவரி 1. ஈப்போ அக்காவும் மகனும் வந்தார்கள், பத்து வயது ஆகிவிட்டது, காது வரை முடி வளர்த்திருக்கிறான், மொட்டை போடுவதற்காக. இறங்கும்போது கம்பிக் கதவுப் பக்கம் நின்று உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தானாம், குரங்கு துண்டை இழுக்கும் வரை.

சாயங்காலம் பந்தலுக்கு வந்தான். ஏழரை மணி, வெளிச்சம் மங்குகிற நேரம். தண்ணீர்ப் பந்தல் மேடையில் நான் கட்டியிருந்த நான்கு ஃபிளட் லைட்டில் இரண்டு மலைமுகமாக இருந்தன. இத்தனை வருஷமும் அப்படித்தான் கட்டினேன், மலை எடுப்பாகத் தெரியும் என்று. ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். அவன் பிடித்தான். இரண்டையும் திருப்பித் தரையைப் பார்த்து முடுக்கினேன். பந்தல் தலைவர் கீழிருந்து, "அண்ணே, மலை இருட்டாயிடுச்சே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பையன்தான் முதலில் காட்டினான். மலை விளிம்பிலிருந்து ஒன்றிரண்டாக வௌவால்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தன.

4 பிப்ரவரி 2026

போன வருஷம் ஜனவரி 10-ல் எழுதியதில் "கோயில் குகையிலும் இல்லை" என்பதன் கீழ் ஏன் இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்ததை இப்போதுதான் கவனித்தேன். விளக்கு, கற்பூரம், சிமெண்டுத் தரை, பத்து லட்சம் கால். வீட்டை விட்டு நகராத சிலந்தி அங்கே எந்தச் சுவரில் கதவு வைக்கும்?

பலகைக்கான வாசகம் ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆறு வரி. கிள்ளான் தம்பி மலாயில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முடிந்ததும் இங்கே போடுகிறேன், பிழை பார்த்துச் சொல்லுங்கள்.